இரண்டு முறை எடுக்கப்பட்ட முதல் பாகம்: ‘டாக்டர் ஹூ’ தொடங்கிய விதம்

1963 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோவின் ‘டி’ தளத்தில் பிபிசி ஒரு புதிய தொடரின் முதல் பாகத்தைப் பதிவு செய்தது. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 18 அன்று, அதே தளத்தில் அதே நடிகர்களை வைத்து அதே பாகத்தை மறுபடியும் எடுத்தது. நவம்பர் 23 அன்று நேயர்கள் பார்த்தது இரண்டாவது பதிவை. முதல் பதிவு 28 ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்து, 1991 ஆகஸ்டில்தான் திரைக்கு வந்தது. தொடரின் பெயர் ‘டாக்டர் ஹூ’. பாகத்தின் பெயர் ‘ஆன் அன்எர்த்லி சைல்ட்’, அதாவது பூமியைச் சேராத குழந்தை.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளுக்கே பிரதி மிஞ்சவில்லை. ஒதுக்கப்பட்ட ஒரு பதிவும் அதைத் திருத்தி எடுத்த பதிவும் இரண்டுமே கைக்குக் கிடைப்பது அபூர்வமான பேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். இந்தத் தொடரை நிலைக்க வைத்தவை அந்த மூன்று வாரத்தில் செய்த திருத்தங்கள். அவற்றில் முக்கியமானவை எல்லாம் ஏதோ ஒன்றைக் கதையிலிருந்து எடுத்துவிட்ட திருத்தங்கள். இந்த ஆய்வு அதைப் பற்றியது.

கதை

பனிமூட்டமான இரவு. ரோந்து போகும் போலீஸ்காரர் ஒருவர் பழைய சாமான் கிடங்கு ஒன்றின் வாசலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகர்கிறார். அவர் போனதும் கிடங்கின் கதவு தானாகத் திறக்கிறது. கேமரா மட்டும் உள்ளே போகிறது. உடைந்த சிலைகள், தட்டுமுட்டுச் சாமான்கள், அவற்றுக்கு நடுவே ஒரு போலீஸ் பெட்டி, அதாவது போலீஸ்காரர்கள் பயன்படுத்தும் சிறு தொலைபேசி அறை. பக்கத்தில் போகப் போக அது மெல்ல ரீங்கரிக்கிறது.

அடுத்த காட்சி கோல் ஹில் பள்ளி. மாலை மணி அடித்துவிட்டது. வரலாற்று ஆசிரியை பார்பரா ரைட்டும் அறிவியல் ஆசிரியர் இயன் செஸ்டர்டனும் ஒரு மாணவியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். சூசன் ஃபோர்மன், வயது 15. சில விஷயங்களில் ஆசிரியர்களைவிட அதிகம் தெரிகிறது; குழந்தைக்கும் தெரிந்த சிலது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பவுண்டுக்கு எத்தனை ஷில்லிங் என்று கேட்டால் தடுமாறுகிறாள். தசம முறை இன்னும் வரவில்லை அல்லவா என்று தன்னையே திருத்திக்கொள்கிறாள். பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரியில். அந்த வசனம் எழுதப்பட்டு ஏழு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. வகுப்பில் ஒரு கணக்குக்கு மூன்று பரிமாணம் போதாது, காலத்தையும் சேர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

அவள் கொடுத்த முகவரி டாட்டர்ஸ் லேன், எண் 76. அங்கே வீடே இல்லை, பழைய சாமான் கிடங்குதான் இருக்கிறது. ஆசிரியர்கள் இருவரும் காரில் அங்கே போய்க் காத்திருந்து, அவளைப் பின்தொடர்ந்து நுழைகிறார்கள். சூசனைக் காணோம். இருமிக்கொண்டே ஒரு கிழவர் வருகிறார். போலீஸ் பெட்டியிலிருந்து சூசனின் குரல் கேட்கிறது. கிழவர் அவளை அடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறார்கள். உள்ளே வெண்மையான பெரிய கூடம், நடுவில் ஆறு பக்கமுள்ள இயந்திர மேசை. வெளியே நாலடிப் பெட்டி. உள்ளே ஒரு வீடே அடங்கும்.

கிழவர் சூசனின் தாத்தா. தொடரின் தலைப்பில் வரும் ‘டாக்டர்’ இவர்தான். இருவரும் வேறொரு காலத்தையும் வேறொரு உலகத்தையும் சேர்ந்தவர்கள். ரகசியம் வெளியே போய்விடும் என்று பயந்து, ஆசிரியர்களை இறக்கிவிடாமலே தாத்தா இயந்திரத்தைக் கிளப்பிவிடுகிறார். கடைசிக் காட்சியில் போலீஸ் பெட்டி ஒரு வெட்டவெளியில் நிற்கிறது. அதன்மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது.

25 நிமிடத்துக்குள் இவ்வளவுதான் நடக்கிறது. இதில் ஏறக்குறைய பாதி இரண்டு ஆசிரியர்கள் தங்கள் மாணவியைப் பற்றிக் கவலைப்படும் கதை. அறிவியல் புனைகதை என்று அறிவித்த ஒரு தொடர், முதல் பாகத்தின் கணிசமான பகுதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு காருக்குள்ளும் கழிக்கத் துணிந்ததை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

உருவாக்கியவர்கள்

சனிக்கிழமை மாலையில் பிபிசிக்கு ஓர் இடைவெளி இருந்தது. ‘கிராண்ட்ஸ்டாண்ட்’ என்ற விளையாட்டு நிகழ்ச்சி ஐந்தேகால் வாக்கில் முடியும். பிறகு இளைஞர்களுக்கான ‘ஜூக் பாக்ஸ் ஜூரி’ வரும். நடுவே வருவதைக் குடும்பம் முழுக்கச் சேர்ந்து பார்க்க வேண்டும். பெரியவர்கள் எழுந்து போகக் கூடாது, பிள்ளைகள் வேறு சேனலைத் திருப்பக் கூடாது. 1963 தொடக்கத்தில் பிபிசியின் நாடகப் பிரிவுக்குத் தலைவராக வந்த சிட்னி நியூமன் இந்த இடத்துக்கு ஒரு தொடர் கேட்டார். பிரிவுக்குள் 1962-லேயே அறிவியல் புனைகதை பற்றி அறிக்கைகள் தயாராகி இருந்தன. காலப் பயணம் நல்ல களம் என்று அவை சொல்லியிருந்தன. டொனால்ட் வில்சன், சி. இ. வெபர் போன்றவர்கள் அடிப்படைத் திட்டத்தை எழுதினார்கள். முதல் பாகத்தின் எலும்புக்கூட்டில் வெபரின் பங்கு கணிசமானது. ஆனால் எழுத்தாளர் என்று திரையில் வந்த பெயர் ஆண்டனி கோபர்ன் ஒருவருடையதுதான். நியூமன் ஒரு கண்டிப்பான நிபந்தனையும் போட்டார்: பூச்சிக்கண் அரக்கர்கள் கூடாது.

தயாரிப்பாளராக அவர் தேர்ந்தெடுத்தவர் வெரிட்டி லாம்பர்ட். வயது 27. அதுவரை தயாரிப்பாளராக இருந்ததில்லை. நியூமனோடு முன்பு ஏபிசி நிறுவனத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த பிபிசி நாடகப் பிரிவில் இப்படியொரு இளம்பெண் தயாரிப்பாளர் அதற்கு முன்னால் இல்லை. இயக்குநர் வாரிஸ் ஹுசைன், வயது 24. லக்னோவில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்து வந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். நாவலாசிரியை அதியா ஹுசைனின் மகன்.

கொஞ்சம் எண்ணிப் பார்த்தால், நியூமன் கனடாக்காரர். கோபர்ன் ஆஸ்திரேலியர். இசையமைத்த ரான் கிரெய்னரும் ஆஸ்திரேலியர். ஹுசைன் இந்தியாவில் பிறந்தவர். சொந்த மண்ணை விட்டு வந்த இத்தனை பேர் சேர்ந்து, தங்கள் உலகத்துக்குத் திரும்ப முடியாத ஒரு தாத்தாவையும் பேத்தியையும் பற்றிக் கதை சொன்னார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பதிவில் அந்தத் தாத்தா பேசும் ஒரு வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்த வசனத்தைப் பிற்பாடு பார்ப்போம்.

தாத்தா வேடத்துக்கு வில்லியம் ஹார்ட்னெல். அப்போது 55 வயது. திரையில் அதட்டும் ராணுவ சார்ஜென்ட்டாகவும் போக்கிரியாகவும் நடித்து நடித்து அலுத்துப் போயிருந்தவர். குழந்தைகளும் பார்க்கப்போகும் தொடரில் நடிக்கத் தயங்கினார். லாம்பர்ட்டும் ஹுசைனும் சாப்பிட அழைத்துப் போய்ப் பேசித்தான் சம்மதிக்க வைத்தார்கள். 23 வயது கரோல் ஆன் ஃபோர்டு சூசனாக நடித்தார். ஸ்டுடியோ மானிட்டர் ஒன்றில் தற்செயலாக அவரைப் பார்த்து ஹுசைன் தேர்ந்தெடுத்தாராம். வில்லியம் ரஸ்ஸல் இயனாகவும் ஜாக்குலின் ஹில் பார்பராவாகவும் வந்தார்கள்.

பெட்டியும் கூடமும்

கால இயந்திரத்துக்குப் போலீஸ் பெட்டியின் உருவத்தைக் கொடுத்தது கோபர்னின் யோசனை என்று சொல்லப்படுகிறது. அன்றைய பிரிட்டிஷ் நேயருக்கு அது தினமும் தெருவில் பார்க்கிற பொருள். காவல் நிலையத்தோடு பேச உள்ளே தொலைபேசி வைத்த நீலநிறச் சிறு அறை. போலீஸ்காரர்களுக்குக் கையில் வயர்லெஸ் வருவதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு. எந்தத் தெருமுனையில் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பெட்டி ஏன் பழைய சாமான் கிடங்குக்குள் நிற்கிறது, ஏன் ரீங்கரிக்கிறது என்ற இரண்டு கேள்விகளே முதல் நிமிடத்தில் பார்ப்பவரைப் பிடித்துவிடுகின்றன. போகும் இடத்துக்கு ஏற்ப இயந்திரம் உருமாற வேண்டும், பழுதாகிவிட்டதால் மாறவில்லை என்று கதையில் காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு கதைக்கும் புதிய உருவம் செய்யும் செலவும் மிச்சமாயிற்று.

செலவு பெரிய பிரச்சினைதான். ஒரு பாகத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 2,300 பவுண்டு. இயந்திரத்தின் உட்புறக் கூடத்தை வடிவமைத்த பீட்டர் பிராக்கக்கி வட்ட வட்டக் குழிகள் கொண்ட சுவரையும், ஒருவரே சுற்றி வந்து இயக்கும்படியான ஆறு பக்க மேசையையும் கொடுத்தார். திரையில் வெள்ளையாகத் தெரியும் மேசை நிஜத்தில் வெளிர்பச்சை. அன்றைய கறுப்பு வெள்ளை கேமராவுக்கு முன் தூய வெள்ளை கூசும் என்பதால் அப்படிச் செய்தார்கள். பிராக்கக்கி உடல்நலக் குறைவால் விலக, மீதிப் பாகங்களின் செட்டுகளை பாரி நியூபெரி கவனித்தார். அந்த ஒரே ஒரு கூடம் தந்த சாயலைத்தான் பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் அனைவரும் ஏதோ ஒரு விதத்தில் பின்பற்றியிருக்கிறார்கள்.

ஒலி

படம் எடுப்பதற்கு முன்பே தொடரின் மிகச் சிறந்த பகுதி தயாராகிவிட்டது என்பேன். ரான் கிரெய்னர் ஒற்றைத் தாளில் முகப்பு இசைக்கான மெட்டை எழுதினார். சில இடங்களில் சுரத்தோடு காற்று, மேகம் என்பது போன்ற குறிப்புகளும் இருந்தன. அதை ஒலியாக்கும் வேலை நிகழ்ச்சிகளுக்குப் புதுவகை ஒலிகளை உருவாக்கும் பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்ஷாப்பில் இருந்த டீலியா டெர்பிஷைரிடம் வந்தது. கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர்.

அன்று சின்தசைசர் இல்லை. பல தடங்களில் ஒரே நாடாவில் பதியும் கருவியும் அவர்களிடம் இல்லை. அந்த அதிரும் அடிச்சுரம் ஒரு கம்பியைச் சுண்டிப் பதிந்தது. அந்த ஒரே சுண்டலை நாடாவின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு சுருதிகளாக மாற்றினார்கள். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு நாடாவை அளந்து, பிளேடால் வெட்டி, ஒட்டினார்கள். மேலே பாடும் மெட்டு, சீரான ஒலி எழுப்பும் சோதனைக் கருவிகளான ஆஸிலேட்டர்களின் குமிழைக் கையால் திருப்பி எடுத்தது. சீறும் காற்று, வெற்று இரைச்சலை வடிகட்டிச் செய்தது. இப்படித் தனித்தனி நாடாக்களைத் தனித்தனி இயந்திரங்களில் மாட்டி, ஒரே நொடியில் ஓடவிட்டு, ஒன்றாகக் கலந்தார்கள். எங்கோ ஒரு சுரம் தள்ளிப் போயிற்று. எந்த ஒட்டில் பிசகு என்று கண்டுபிடிக்க நாடாக்களைத் தாழ்வாரத்தில் நீளமாக விரித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததாக உதவியாளர் டிக் மில்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், இதை நானா எழுதினேன் என்று கேட்டாராம். பெரும்பாலும் நீங்கள்தான் என்றாராம் டெர்பிஷைர். கிடைக்கும் உரிமத்தொகையில் அவருக்கும் பங்கு தர கிரெய்னர் விரும்பினார். ஊழியர்களுக்கு அப்படித் தருவது பிபிசி விதிப்படி முடியாது. டெர்பிஷைரின் பெயர் தொடரின் திரையில் வந்தது 2013-இல், ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புப் பாகத்தில். அதற்கு 12 ஆண்டு முன்பே அவர் காலமாகிவிட்டார். இருபதாம் நூற்றாண்டு மின்னணு இசையில் மிக அதிகம் பேர் கேட்ட படைப்புகளில் ஒன்றைக் கையால் வெட்டி ஒட்டிச் செய்தவருக்கு இந்த அளவு தாமதமாகத்தான் மரியாதை கிடைத்தது என்பது மனதை அறுக்கிறது.

இயந்திரம் கிளம்பும்போது வரும் அந்த இழுபடும் முனகல் பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. ஒரு பழைய பியானோவின் கனத்த கம்பிகளில் அம்மாவின் வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பதிந்து, நாடாவில் விளையாடி எடுத்தார். முகப்புக் காட்சியை பெர்னார்ட் லாட்ஜ் வடிவமைத்தார். ஒரு வீடியோ கேமராவை அதே கேமராவின் படம் தெரியும் மானிட்டருக்கு எதிரே நிறுத்தினால், படத்துக்குள் படம் சுழன்று புகைபோல் மேகங்கள் பிறக்கும். அந்த மேகங்களுக்குள்தான் தொடரின் பெயர் தோன்றி மறைகிறது.

முதல் பதிவு

அன்றைய முறைப்படி நடிகர்கள் வாரம் முழுக்க ஒத்திகை பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்து, மாலையில் மேடை நாடகம் போல் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டி எடுப்பார்கள். வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால் நடுவில் நிறுத்துவது அரிது. நடிகர் உளறினாலும், கேமரா எதன்மீதாவது இடித்தாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். லைம் குரோவ் 1915-இல் சினிமாவுக்காகக் கட்டிய பழைய ஸ்டுடியோ. டி தளம் சின்னது, விளக்குச் சூட்டில் வெந்து போகும். கேமராக்களும் பழையவை. புதிய தொடருக்குக் கொடுத்தது அந்தத் தளத்தைத்தான்.

இந்த நெருக்கடியே ஓர் அழகான உத்திக்கு இடம் கொடுத்தது. காருக்குள் ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சூசனைப் பற்றிய நினைவுகள் வகுப்பறைக் காட்சிகளாக வருகின்றன. அவற்றில் ஆசிரியர்கள் தெரிவதில்லை. குரல் மட்டும் கேட்கிறது. அவர்கள் நிற்கும் இடத்தில் கேமரா நிற்கிறது, சூசன் கேமராவைப் பார்த்துத் திணறுகிறாள். இடைவெளி இல்லாமல் ஓடும் பதிவில் ரஸ்ஸலும் ஹில்லும் கார் செட்டை விட்டு எழுந்து போய்த் திரும்ப நேரம் இருந்திருக்காது. அந்தக் கட்டாயத்தின் பலன், பார்க்கிறவரே ஆசிரியராகிவிடுகிறார். கேள்வி கேட்கிற இடத்தில் நாம் இருக்கிறோம், பதில் தெரியாமல் அந்தப் பெண் நம்மைப் பார்க்கிறாள். இரண்டு பதிவிலும் இந்த உத்தி இருக்கிறது. ஹுசைன் என்ற இயக்குநரின் கை தெரியும் இடம் இது.

செப்டம்பர் 27 பதிவில் மற்றவை சரியாக அமையவில்லை. கூடத்தின் கதவுகள் ஒழுங்காக மூடாமல் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றோடு மல்லுக்கட்டும் சத்தம் வசனத்துக்கு மேல் கேட்டது. அந்தக் காட்சியை நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டி வந்தது. ஆனால் கதவைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும் கோளாறாக அது இல்லை. ஹார்ட்னெல்லின் டாக்டரிடம் ஈரமே இல்லை. ஆசிரியர்களைப் புழு போலப் பார்க்கிறார். சூசனும் எட்டாத உயரத்தில் நின்று பேசுகிறாள். இந்த இருவரோடு வாராவாரம் பயணம் போக எந்தக் குடும்பத்துக்கும் ஆசை வராது.

பதிவைப் பார்த்த நியூமன் லாம்பர்ட்டையும் ஹுசைனையும் ஒரு சீன உணவகத்துக்குச் சாப்பிட அழைத்துப் போனார். முறைப்படி உங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டும், அனுப்பப்போவதில்லை, திரும்பப் போய் மறுபடி எடுங்கள் என்றார். இருவருமே பிற்காலப் பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கிழவரிடம் வேடிக்கை போதவில்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று. அனுபவம் குறைந்த இருவரை நம்பி, எடுத்த பாகத்தை ஒதுக்கி வைத்து, அதே பாகத்துக்கு இரண்டாம் முறை செலவு செய்ய ஒப்புக்கொண்டது சாதாரண முடிவல்ல. செலவைப் பார்த்து மிரண்ட மேலிடம் தொடரையே நிறுத்திவிடலாமா என்று யோசித்த வாரங்கள் அவை.

மூன்று வாரத்தில் மாறியவை

உடையில் தொடங்கலாம். முதல் பதிவில் டாக்டர் அன்றைய கோட்டும் டையும் அணிந்திருக்கிறார். இரண்டாவதில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாணி, தோளில் கம்பளிச் சால்வை, தலையில் ரோமத் தொப்பி. பார்த்த நொடியே இவர் இந்தக் காலத்து ஆளில்லை என்பது தெரிகிறது, வசனம் தேவையில்லை. சூசனுக்கு நேர்மாறு. வேற்றுலகச் சாயலில் இருந்த அவளுடைய உடை சாதாரணப் பள்ளிப் பெண்ணின் உடையாயிற்று.

அடுத்து, வகுப்பறையில் தனியாக விடப்படும்போது சூசன் செய்வது. முதல் பதிவில் அவள் தாளில் மையைச் சிந்தி, மடித்து, விசித்திரமான உருவம் ஒன்றை உண்டாக்குகிறாள். பார்ப்பவருக்கு இவள் வினோதமானவள் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவதில், பார்பரா கொடுத்த பிரெஞ்சுப் புரட்சி பற்றிய புத்தகத்தைப் புரட்டுகிறாள். ஒரு பக்கத்தில் நின்று, இது தப்பாயிற்றே என்கிறாள். அவ்வளவுதான். எப்படித் தெரியும், அங்கே இருந்தாளா, யார் இவள் என்று கேள்விகள் நம் மனதில் தாமாக அடுக்கிக்கொள்கின்றன. அதே சில நொடிகள், அதே நடிகை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கூடத்துக்குள் நடக்கும் வாக்குவாதத்தில். முதல் பதிவில் தாங்கள் இந்த மனித இனத்தையும் இந்தப் பூமியையும் சேர்ந்தவர்களே அல்ல என்றும், உங்கள் அறிவியல் எட்டாத யுகங்களுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்றும் மார்தட்டும் தொனியில் சொல்லப்படுகிறது. சூசன் தான் 49-ஆம் நூற்றாண்டில் பிறந்ததாகச் சொல்கிறாள். இரண்டாவது பதிவில் நூற்றாண்டு எண் காணாமல் போய்விட்டது. வேறொரு காலம், வேறொரு உலகம் என்கிறாள் சூசன். தாத்தாவின் வசனம் கேள்வியாக மாறிவிட்டது: நாடோடியாக இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததுண்டா, நாடு கடத்தப்பட்டவராக இருப்பது? பிறகு குரலைத் தாழ்த்தி, நானும் சூசனும் எங்கள் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டவர்கள், நட்பில்லை, பாதுகாப்பில்லை, ஆனால் ஒருநாள் திரும்பிப் போவோம் என்கிறார். ஹார்ட்னெல் அதைச் சொல்லும்போது ஆசிரியர்களைப் பார்க்கவில்லை.

அறிவால் உயர்ந்தவர் என்று அறிமுகமான ஒருவர் ஊர் திரும்ப முடியாதவராக மாறிய இடம் இதுதான். முதல் வகையான ஆளைக் கண்டு பிரமிக்கலாம். இரண்டாவது ஆளோடு கூடப் போகலாம். 49 என்ற எண்ணை எடுத்ததும் சின்ன விஷயமில்லை. எண் இருந்திருந்தால் டாக்டர் எதிர்கால மனிதர் என்று முடிந்திருக்கும், பின்னால் எழுதவந்தவர்கள் அந்த எண்ணுக்குள் அடைபட்டிருப்பார்கள். இவர் எந்த இனம், எந்த உலகம், ஏன் ஓடி வந்தார் என்பதற்கு அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வேறு வேறு எழுத்தாளர்கள் விடை எழுதினார்கள். ஓடிவந்தவர் என்ற விஷயத்துக்கே விளக்கம் வந்தது 1969-இல். காலியாக விட்ட இடம் இருந்ததால்தான் அது முடிந்தது.

நடிப்பிலும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கிறது. ஹார்ட்னெல் இரண்டாவது பதிவில் தானாகச் சிரித்துக்கொள்கிறார், ஆசிரியர்களின் கேள்வியைக் காதில் வாங்காமல் பழைய கடிகாரம் ஒன்றை ஆராய்கிறார், வேண்டுமென்றே பேச்சை மாற்றுகிறார். இன்னும் நம்பத் தகாதவர்தான். இரண்டு பேரைக் கடத்திக்கொண்டு போகிறவர்தானே. ஆனால் குறும்பு இருக்கிறது.

ஒன்றை இழந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் பதிவில் கரோல் ஆன் ஃபோர்டின் சூசன் உண்மையிலேயே இந்தப் பூமியின் பெண்ணாகத் தெரியவில்லை. அந்த அந்நியத்தனம் பாகத்தின் தலைப்புக்கு நெருக்கமானது. இரண்டாவதில் அதைத் தணித்தார்கள். அதற்கடுத்த கதைகளில் மேலும் தணித்து, அலறி ஓடும் சாதாரணப் பெண்ணாக்கினார்கள். ஃபோர்டே பின்னாளில் இதைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வருத்தம் நியாயம். தாத்தாவுக்குக் கிடைத்த திருத்தம் பேத்திக்குக் கிடைக்கவில்லை.

ஒளிபரப்பும் அதற்குப் பிறகும்

நவம்பர் 22 மாலை டல்லஸிலிருந்து கென்னடி கொல்லப்பட்ட செய்தி வந்தது. மறுநாள் சனிக்கிழமை, அட்டவணைப்படி 5:15-க்கு வரவேண்டிய பாகம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகத் தாமதத்தோடு தொடங்கியது. பார்த்தவர்கள் 44 லட்சம் பேர். அன்று சில பகுதிகளில் மின்தடையும் இருந்தது. அடுத்த வாரம் நவம்பர் 30 அன்று, இரண்டாம் பாகத்துக்கு முன்னால் முதல் பாகத்தை மறுபடி போட்டார்கள். இம்முறை 60 லட்சம் பேர். மூன்றாவது முறையாகக் கிடைத்த வாய்ப்பு என்று இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கதையின் மீதி மூன்று பாகங்கள் கற்காலத்தில் நெருப்புக்கு அடித்துக்கொள்ளும் குகைவாசிகளைப் பற்றியவை. முதல் பாகத்தின் தரத்துக்கு அவை அருகில்கூட வரவில்லை. ஹுசைனுக்கே அந்தப் பகுதியில் மனம் ஒட்டவில்லை. தொடரை நாடு முழுக்கப் பேச வைத்தது டிசம்பர் 21-இல் தொடங்கிய அடுத்த கதை. அதில் டாலெக்குகள் என்ற, உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுலக உயிர்கள் வந்தன, நியூமன் கூடாது என்று சொன்ன அரக்கர்களின் வரிசையிலேயே. டெர்ரி நேஷன் எழுதிய அந்தக் கதையை லாம்பர்ட் தலைவரோடு மோதித்தான் எடுத்தார். சில வாரங்களில் பார்ப்பவர் தொகை ஏறியதும் நியூமன் அவர் பக்கம் நியாயம் இருந்ததை ஒப்புக்கொண்டார்.

வீடியோ நாடாக்கள் விலை அதிகம், மறுபடி பயன்படுத்தலாம். அதனால் பிபிசி 1960-களின் பல நிகழ்ச்சிகளை அழித்தது. ‘டாக்டர் ஹூ’வின் அந்தக் காலப் பாகங்களில் தொண்ணூறுக்கும் மேல் இப்படிப் போயின. முதல் பாகம் பிழைத்தது, வெளிநாட்டு விற்பனைக்காக மானிட்டரிலிருந்து 16 மி.மீ. படச்சுருளில் அதைப் பிரதி எடுத்திருந்ததால். ஒதுக்கப்பட்ட முதல் பதிவும் படச்சுருளில்தான் மிஞ்சியது, கதவு ஆடுவதும் பாதியில் நிறுத்தி மறுபடி எடுப்பதும் உட்பட. லைம் குரோவ் ஸ்டுடியோவை மூடியபோது, 1991 ஆகஸ்ட் 26 அன்று, அந்த இடத்துக்கு விடைகொடுக்கும் நிகழ்ச்சிகளில் ஒன்றாக பிபிசி 2 அதை ஒளிபரப்பியது. அதன்பின் கட்டடமும் இடிக்கப்பட்டது.

2023 நவம்பரில், அறுபதாவது ஆண்டுக்காகப் பழைய பாகங்களை எல்லாம் பிபிசி தன் ஐபிளேயர் தளத்தில் ஏற்றியபோது, இந்த முதல் கதை மட்டும் அதில் இல்லை. எழுத்துரிமை கோபர்னின் வாரிசிடம் இருக்கிறது, உடன்பாடு ஏற்படவில்லை. டிவிடியில் இரண்டு பதிவுகளும் ஒன்றாகவே கிடைக்கின்றன. பார்க்க நினைக்கிறவர்கள் ஒளிபரப்பான பாகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஒதுக்கப்பட்டதைப் பாருங்கள். வசனம் எங்கே பிரிகிறது என்பதை இரண்டாம் முறை காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.